இக்காலுயிட் டு ரெசொலூட் பே: தூரம் எவ்வளவு, நிஜமா எவ்வளவு நேரம் ஆகும், எப்படி பிளான் பண்ணணும்

கனடாவுல நுனாவுட் பக்கம் வேலைக்கோ ரிசர்ச்சுக்கோ முதல் தடவை கிளம்பறவங்களுக்காக இதை எழுதறேன். எங்க கம்பெனில என்னை ஒரு மெஷின் சர்வீஸுக்காக இக்காலுயிட் வழியா ரெசொலூட் பே அனுப்பினாங்க. போறதுக்கு முன்னாடி எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், நெட்ல ரெண்டு ஏர்போர்ட் பேரையும் போட்டு தூரம் பார்த்தேன். 1,575 கிலோமீட்டர், ஃப்ளைட் டைம் 2 மணி 28 நிமிஷம்னு வந்துச்சு. சென்னை டு டெல்லியே 1,750 கிலோமீட்டர் பக்கம் வரும், அதைவிட கம்மிதானேன்னு நினைச்சு, அன்னிக்கு சாயங்காலமே அங்கேருந்து ஒரு சின்ன விமானத்துல கேம்ப்புக்குப் போற மாதிரி பிளான் போட்டுட்டேன். கடைசில நான் ரெசொலூட்ல கால் வச்சது மூணாவது நாள், அதுக்குள்ள கேம்ப் விமானம் போயிடுச்சு, ரெண்டு ராத்திரி ஹோட்டல் காசு கையைவிட்டுப் போச்சு. அந்த 1,575-ங்கிற நம்பர் தப்பே இல்லை. பக்கத்துல போட்டிருந்த நேரம்தான் தப்பு. அது ஏன் தப்பு, சரியான நேரத்தை நீங்களே எப்படி கண்டுபிடிக்கறது, அதை வச்சு டிக்கெட், ஹோட்டல், பேப்பர் எல்லாம் எப்படி ரெடி பண்றதுன்னு வரிசையா சொல்றேன்.

1. முதல்ல ஊரும் கோடும் சரியான்னு பாருங்க

இக்காலுயிட் நுனாவுட்டோட தலைநகர், ஏர்போர்ட் கோடு ஒய்எஃப்பி (YFB). ரெசொலூட் பே கார்ன்வாலிஸ் தீவுல இருக்கு, 2021 சென்சஸ்படி மொத்த ஊர்லயும் 183 பேர்தான், கோடு ஒய்ஆர்பி (YRB). நடுவுல ஃப்ளைட் நிக்கற ஊர் ஆர்க்டிக் பே, அதுக்கு ஒய்ஏபி (YAB). கனடாவுல முக்கால்வாசி ஏர்போர்ட் கோடு ஒய்லதான் ஆரம்பிக்கும், அதனால ஒரு எழுத்து மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒய்ஆர்டின்னு (YRT) போட்டா அது ராங்கின் இன்லெட், வேற பக்கம். இன்னொரு குழப்பம், பழைய மேப்ல ரிபல்ஸ் பேன்னு ஒரு ஊர் இருக்கும், அதுக்கு இப்ப நௌயாட்னு பேரு. அதுவும் நுனாவுட்தான், ஆனா ரெசொலூட்டுக்கு ரொம்ப தெற்கே. டிக்கெட் போட்டுக் குடுக்கறவங்ககிட்ட போன்ல ஊர் பேரை மட்டும் சொல்லாதீங்க, கோடையும் எழுத்து எழுத்தா சொல்லி, அவங்களைத் திருப்பி சொல்லச் சொல்லுங்க.

ஆர்க்டிக் பேக்கு பதிலா நானிசிவிக்னு, ஒய்எஸ்ஆர் கோடோட சில பழைய லிஸ்ட்ல வரும். முன்னாடி அந்த ஊருக்கான ஃப்ளைட் அங்கதான் இறங்கிட்டிருந்துச்சு, இப்ப ஆர்க்டிக் பேக்கே சொந்த ஏர்போர்ட் இருக்கு. நானிசிவிக்னு காட்டற எந்த டேபிளையும் நம்பாதீங்க, பழசு.

2. தூரத்தை நீங்களே அளந்து பாருங்க

அஞ்சு நிமிஷ வேலைதான். மேப் ஆப்ல ரூலர் டூலை எடுத்து இந்த மூணு புள்ளியையும் போடுங்க.

இக்காலுயிட்: வடக்கு 63.76, மேற்கு 68.56
ஆர்க்டிக் பே: வடக்கு 73.01, மேற்கு 85.03
ரெசொலூட் பே: வடக்கு 74.72, மேற்கு 94.97

மேற்குன்னா மைனஸ் போடணும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. ரெண்டு ஊருக்கும் மைனஸை விட்டுட்டீங்கன்னா தூரம் என்னவோ அதே 1,575-தான் வரும், ஆனா புள்ளி ரெண்டும் ரஷ்யா பக்கம் போய் உக்காந்திருக்கும். ஒண்ணுக்கு மட்டும் விட்டீங்கன்னா ஆயிரக்கணக்குல கிலோமீட்டர் எகிறிடும்.

நேர் தூரம் 1,575 கிலோமீட்டர். மைல்ல சொன்னா 979, நாட்டிகல் மைல்ல 850. விமானத்துறை ஆளுங்க பேசறது நாட்டிகல் மைல்ல, சாதாரண வெப்சைட் காட்டறது கிலோமீட்டர்லயோ மைல்லயோ. அதனால யாராவது 850ன்னு சொன்னா எந்த அலகுன்னு கேட்டுட்டு கணக்கு போடுங்க, இல்லைன்னா பாதி தூரம்னு நினைச்சுடுவீங்க.

இக்காலுயிட் டு ஆர்க்டிக் பே 1,222 கிலோமீட்டர், அங்கேருந்து ரெசொலூட் 361. கூட்டினா 1,583. அதாவது நடுவுல ஒரு ஊர்ல இறங்கிப் போறதுக்கு எட்டு கிலோமீட்டர்தான் கூட. ஆர்க்டிக் பே கிட்டத்தட்ட வழியிலயே இருக்கு, அதனால ஸ்டாப் இருக்கேன்னு தூரத்தைப் பத்தி கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது நேரத்தைப் பத்தி.

ஸ்கேல் வச்சு பேப்பர் மேப்பையோ ஸ்கிரீனையோ அளக்காதீங்க. சாதாரண உலக மேப்ல வடக்கே போகப்போக எல்லாத்தையும் இழுத்து அகலமாக்கிடுவாங்க. சென்னைல ஒரு தீர்க்கரேகை டிகிரிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 108 கிலோமீட்டர் இருக்கும், ரெசொலூட்ல அதே ஒரு டிகிரி வெறும் 29 கிலோமீட்டர்தான். மேப்ல ரெண்டும் ஒரே அகலமா தெரியும். வீட்ல உருண்டை குளோப் இருந்தா ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, அதுதான் நிஜ வழி.

3. நேரத்தை சரியா கணக்கு போடுங்க, இந்த ஸ்டெப்பை தாண்டிப் போகாதீங்க

நெட்ல வர்ற 2 மணி 28 நிமிஷம் எங்கேருந்து வருதுன்னா, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துடறாங்க. 1,575-ஐ 800-ஆல வகுத்துப் பாருங்க, 1 மணி 58 நிமிஷம், கூட அரை மணி, அப்படியே வந்துடும். அதாவது அது பெரிய ஜெட் விமானத்துக்கான நேரம். நான் போனது ஏடிஆர் 42, ரெண்டு புரொப்பெல்லர் விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர்னு வச்சுக்கலாம். போதாக்குறைக்கு நடுவுல ஒரு ஸ்டாப் வேற.

என் கணக்கு இப்படி. முதல் பகுதி 1,222 கிலோமீட்டர், 500-ஆல வகுத்தா 2 மணி 27 நிமிஷம், ஓடுபாதைல போறது ஏறறது இறங்கறதுன்னு ஒரு இருபது நிமிஷம் சேர்த்தா 2 மணி 45. ஆர்க்டிக் பேல ஆளையும் சாமானையும் இறக்கி ஏத்தி எரிபொருள் போட 40 நிமிஷம். ரெண்டாவது பகுதி 361 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மொத்தம் 4 மணி 25 நிமிஷம். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காத்து இருந்தா முதல் பகுதிக்கு மட்டும் இன்னொரு கால் மணி நேரம் கூடும். இது எல்லாமே சரியா நடந்தா ஆகற நேரம்ங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க.

அடுத்தது டைம் ஸோன். இக்காலுயிட்டும் ஆர்க்டிக் பேயும் ஈஸ்டர்ன் டைம், டொராண்டோ ஒட்டாவா மாதிரியே. ரெசொலூட் சென்ட்ரல் டைம், ஒரு மணி நேரம் பின்னாடி. டிக்கெட்ல போடறது அந்தந்த ஊர் நேரம். அதனால காலைல 10 மணிக்கு இக்காலுயிட்ல கிளம்பினா 4 மணி 25 நிமிஷம் கழிச்சு ரெசொலூட் கடிகாரத்துல 1.25தான் காட்டும், டிக்கெட்டை மேலோட்டமா பார்த்தா 3 மணி 25 நிமிஷ பயணம் மாதிரி தெரியும். திரும்பி வரும்போது தலைகீழ். மதியம் 2.30க்கு கிளம்பினா இக்காலுயிட்ல ராத்திரி 7.55, பார்க்கறதுக்கு 5 மணி 25 நிமிஷம். ரெண்டு பக்கமும் பயணம் ஒண்ணுதான்.

4. டிக்கெட்

இந்த ரூட்ல தினமும் ஃப்ளைட் கிடையாது, வாரத்துல சில நாள்தான், அதுவும் சீசனுக்கு சீசன் மாறும். அதனால எந்தெந்த நாள் ஃப்ளைட்னு மொதல்ல பார்த்துட்டு அப்புறம் வேலை தேதியை முடிவு பண்ணுங்க. நான் வேலை தேதியை முடிவு பண்ணிட்டு ஃப்ளைட் தேடினேன், அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

தெற்கேருந்து வர்றவங்களுக்கு ஒட்டாவா டு இக்காலுயிட் ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர், ஜெட்ல மூணு மணி நேரம். அதே நாள் மேல ரெசொலூட்டுக்கு கனெக்‌ஷன் கிடைச்சாலும், முழுக்க ஒரே புக்கிங்ல இருந்தா மட்டும் எடுங்க. தனித்தனி டிக்கெட்டா போட்டு முதல் ஃப்ளைட் லேட்டாச்சுன்னா ரெண்டாவது டிக்கெட் காசு உங்க தலைல. என்னைக் கேட்டா இக்காலுயிட்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறதுதான் நல்லது.

போக வர சேர்த்தா கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்ல போகும், அதை மனசுல வச்சுக்கிட்டே ஆரம்பிங்க. தேதி மாத்த முடியற டிக்கெட்டா எடுங்க. விலை கம்மின்னு மாத்த முடியாத டிக்கெட் எடுத்து மிச்சம் பிடிக்கற காசு, ஒரே ஒரு தடவை தேதி மாறினா போயிடும், வடக்கே தேதி மாறாம இருக்கறதுதான் அபூர்வம்.

5. ஐடி, பேர், மத்த பேப்பர்

இது உள்நாட்டு ஃப்ளைட். அரசாங்கம் குடுத்த போட்டோ ஐடி ஒண்ணு போதும், அதுல பேர், பிறந்த தேதி, பாலினம் இருக்கணும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ், நிரந்தரமா குடியிருக்கறவங்களுக்கான பிஆர் கார்டு, பாஸ்போர்ட் எது வேணா காட்டலாம். கனடாவுக்கு செல்லுபடியாகற விசா இருந்தா நுனாவுட்டுக்குன்னு தனியா பர்மிட் எதுவும் வேண்டாம், இதை நிறைய பேர் கேக்கறாங்க. வேலை பார்க்கறவங்களுக்கு மட்டும், ஒர்க் பர்மிட்ல இடம் பத்தி எதாவது கட்டுப்பாடு எழுதியிருக்கான்னு பார்த்துக்குங்க. ரிசர்ச்சுக்குப் போறவங்களுக்கு நுனாவுட்ல ரிசர்ச் லைசென்ஸ் தனியா வேணும், அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அப்ளை பண்ணணும். நேஷனல் பார்க் உள்ள போறவங்க பார்க்ஸ் கனடாகிட்ட பதிவு பண்ணணும்.

நம்ம ஆளுங்களுக்கு உள்ள பெரிய சிக்கல் பேர். இன்ஷியல், அப்பா பேர், ஒத்தைப் பேர்னு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, லைசென்ஸ்ல ஒரு மாதிரி இருக்கும். கம்பெனி டிராவல் டெஸ்க் டிக்கெட்ல மூணாவதா ஒரு மாதிரி போடும். எந்த ஐடியை ஏர்போர்ட்ல காட்டப்போறீங்களோ அதை போட்டோ எடுத்து அனுப்பி, அதுல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம போடச் சொல்லுங்க. டிக்கெட் வந்த அன்னிக்கே செக் பண்ணுங்க. கவுண்டர்ல போய் நின்னு பார்த்துக்கலாம்னா, அந்த ஃப்ளைட்டை விட்டா அடுத்தது நாளைக்கு இல்லை.

இன்னொரு பேப்பர், கம்பெனிகிட்டேருந்து ஒரு ஈமெயில். வானிலைனால மாட்டிக்கிட்டா ஹோட்டல், சாப்பாடு, அந்த நாளுக்கான சம்பளம் யார் குடுக்கறதுன்னு எழுத்துல வாங்கிடுங்க. வானிலை காரணமா ஃப்ளைட் நின்னா ஏர்லைன் ஹோட்டல் தரணும்னு கட்டாயம் கிடையாது, வேற ஃப்ளைட்ல இடம் குடுக்கறதுதான் அவங்க வேலை. சொந்தச் செலவுல போறவங்க, பயணம் தடைபட்டா காசு தர்ற இன்சூரன்ஸ் எடுங்க, பாலிசில வானிலைனால வர்ற தாமதம் சேர்ந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க.

6. பைகள்

நான் போன ஏடிஆர் பாதி சரக்கு பாதி ஆள் விமானம். முன்னாடி பாதில காய்கறி, டயபர், மெஷின் பார்ட்டுன்னு பெட்டிங்க, நடுவுல ஒரு தடுப்பு, அதுக்குப் பின்னாடி நாம. ஏறறதும் பின் கதவு வழியாத்தான். இந்த ஊருங்களுக்கெல்லாம் ரோடு கிடையாது, கோடைல கொஞ்ச நாள் கப்பல் வரும், மத்தபடி எல்லாமே விமானம்தான். இதுல இன்னொண்ணும் இருக்கு, ரெசொலூட்ல இறங்க முடியலைன்னா வேற ஏர்போர்ட் வரைக்கும் போறதுக்கான எரிபொருளையும் சேர்த்தே தூக்கிட்டுப் போகணும், பக்கத்து ஏர்போர்ட்னு சொல்றதே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. எரிபொருள் கூடினா சாமான் குறையணும். அப்ப உங்க பை அடுத்த ஃப்ளைட்ல வரலாம்.

அதனால கைப்பைல இருக்க வேண்டியது: மாத்திரை எல்லாம், குறிச்ச நாளைவிட பத்து நாளைக்குக் கூடுதலா. இன்சுலின் போடறவங்க அதை உடம்போட ஒட்டின உள் பாக்கெட்ல வைங்க, உறைஞ்சா அவ்வளவுதான். ரெசொலூட்ல நர்ஸ் பார்க்கற ஹெல்த் சென்டர்தான் இருக்கு, ஆஸ்பத்திரின்னா திரும்ப இக்காலுயிட் வரணும். அப்புறம் ஒரு செட் துணி, சார்ஜர், வேலைக்கு இது இல்லாம முடியாதுங்கற சின்ன டூல்ஸ் இருந்தா அதை ஏர்லைன்கிட்ட கேட்டுட்டு.

கனமான ஜாக்கெட், பூட்ஸ், கையுறையை செக்-இன் பைல போடவே போடாதீங்க. ரெசொலூட்ல பிப்ரவரி மாச சராசரியே மைனஸ் 32 பக்கம், விமானத்துலேருந்து கட்டடத்துக்கு திறந்தவெளில நடக்கணும்.

மது பாட்டில் எடுத்துட்டுப் போறவங்களுக்கு, நுனாவுட்ல மது விஷயத்துல ஊருக்கு ஊர் சட்டம் வேற. சில ஊர்ல முழுத்தடை, சில ஊர்ல கமிட்டி அனுமதி வேணும். போற ஊர் சட்டத்தைப் பார்க்காம பைல வைக்காதீங்க, நடுவுல மாட்டிக்கிட்டு வேற ஊர்ல இறங்க வேண்டி வந்தா அந்த ஊர் சட்டத்தையும் யோசிங்க.

7. கிளம்பற அன்னிக்கு வானிலையை நீங்களே படிங்க

போன்ல இருக்கற வெயில் மழை ஆப் இங்க உதவாது. ஏர்போர்ட் வானிலை ரிப்போர்ட்டைப் பாருங்க, மெட்டார்னா இப்ப உள்ள நிலைமை, டாஃப்னா வரப்போறது. தேடும்போது கோடுக்கு முன்னாடி ஒரு சி சேர்க்கணும், ரெசொலூட்டுக்கு சிஒய்ஆர்பி (CYRB). நாவ் கனடா சைட்ல சில ஏர்போர்ட்டுக்கு கேமரா படமும் வரும். அந்த ரிப்போர்ட்ல நேரம் எல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், குளிர்காலத்துல அதுலேருந்து 6 கழிச்சா ரெசொலூட் நேரம், கோடைல 5. நீங்க தேட வேண்டியது மூணு: எவ்வளவு மைல் தூரம் கண்ணுக்குத் தெரியுது, மேகம் எத்தனை அடில, காத்து. பிஎல்எஸ்என்னு (BLSN) இருந்தா பறக்கற பனி, எஃப்ஜின்னா (FG) மூடுபனி. கோடைல போனா பிரச்சினை இருக்காதுன்னு நினைக்காதீங்க, கடல் ஐஸ் விலகற சமயத்துல மூடுபனி வந்து உக்காந்துக்கும்.

எனக்கு நடந்தது ஜூலைல, அதே மூடுபனிதான். ஆர்க்டிக் பே வரைக்கும் நல்லாவே போனோம், 40 நிமிஷ ஸ்டாப்னு சொன்னது ரெண்டு மணி நேரம் ஆச்சு. சின்ன வெயிட்டிங் ரூம். பக்கத்துல ஒரு பாட்டி அமௌட்டிங்கற இன்யூட் கோட் போட்டுக்கிட்டு, அதோட முதுகுப் பக்க பையில பேரக்குழந்தை தூங்க, அசையாம நின்னுக்கிட்டே இருந்தாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு போனை வச்சுட்டு எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பாட்டி தன் பையை எடுத்துக்கிட்டு மறுபடி விமானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெசொலூட்ல இறங்க முடியாது, திரும்பவும் இக்காலுயிட்டுக்கேன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. காலைல கிளம்பி, 2,444 கிலோமீட்டர் பறந்து, கிளம்பின இடத்துலயே ராத்திரி இறங்கினேன். அந்த ஊர்க்காரங்க யாரும் கத்தலை, சண்டை போடலை, வரிசைல நின்னு அடுத்த ஃப்ளைட்ல பேர் எழுதிட்டுப் போனாங்க. நீங்களும் அதைத்தான் பண்ணணும், உடனே வரிசைல போய் நில்லுங்க, ஏன்னா சின்ன விமானம், அடுத்த ஃப்ளைட்லயும் ஏற்கெனவே ஆள் இருப்பாங்க.

வரிசைல நிக்கும்போதே ஹோட்டலுக்கு போன் போடுங்க. இக்காலுயிட்ல ரூம் கம்மி, ராத்திரிக்கு 300 டாலர் பக்கம் ஆகும், ஒரு ஃப்ளைட் திரும்பி வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல தேடுவாங்க. ரெசொலூட்ல தங்கற இடத்துக்கும் சொல்லிடுங்க, அங்க ரூமுங்க இன்னும் கம்மி, நீங்க வரலைன்னு வேற யாருக்காவது குடுத்துட்டா அப்புறம் இடமே இல்லை.

8. எத்தனை நாள் ஒதுக்கணும்

போகும்போது இக்காலுயிட்ல ஒரு நாள், ரெசொலூட்ல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள். அங்கேருந்து கேம்ப்புக்கோ வேற தீவுக்கோ சின்ன விமானத்துல போறவங்க ரெண்டு நாள் வைங்க. காசு கணக்கு போடும்போது டிக்கெட்டுக்கு மேல குறைஞ்சது மூணு ராத்திரி ஹோட்டல், மூணு நாள் சாப்பாட்டுக்கு தனியா எடுத்து வைங்க. ரெசொலூட்ல இருக்கறது கோ-ஆப் கடை, சாமான் எல்லாம் விமானத்துல வர்றதால விலை தெற்கே இருக்கறதை விட ரொம்ப அதிகம். அவல், ரெடிமேட் உப்புமா, ஊறுகாய்னு எடுத்துட்டுப் போனது எனக்கு ரொம்ப உதவுச்சு.

ஆறு மாசம் அல்லது அதுக்கு மேல தொடர்ந்து அங்கயே தங்கி வேலை பார்க்கறவங்க ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க. வடக்கே குடியிருக்கறவங்களுக்கு வரில கழிவு இருக்கு, டி2222ன்னு ஃபாரம், அதுல பயணச் செலவுக்கும் இடம் இருக்கு.

9. திரும்பி வர்றது

எல்லாரும் போறதுக்கு பிளான் போட்டுட்டு வர்றதை விட்டுடறாங்க. வேலை முடியற அன்னிக்கே ஃப்ளைட் போடாதீங்க, விட்டா அடுத்தது சில நாள் கழிச்சுத்தான். இக்காலுயிட்ல இறங்கி அதே ராத்திரி ஒட்டாவா போயிடலாம்னும் நினைக்காதீங்க, வரும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிடும். ரெசொலூட் ஊர்லேருந்து ஏர்போர்ட் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு, தங்கற இடத்து வண்டிலதான் போகணும், அதனால முந்தின ராத்திரியே எத்தனை மணிக்கு வண்டின்னு கேட்டு வைங்க. போன் இக்காலுயிட் டைம் காட்டுதா ரெசொலூட் டைம் காட்டுதான்னு அந்த ஊர் சுவர்க்கடிகாரத்தோட ஒரு தடவை ஒத்துப் பார்த்துட்டு அலாரம் வைங்க. கோடைல நடுராத்திரிலயும் வெயில் அடிக்கும், குளிர்காலத்துல மதியமும் இருட்டு, ஜன்னலைப் பார்த்து மணி சொல்ல முடியாது.